அல்கோரிதத்துக்கு யார் கடிவாளம் போடுவது?



எங்கள் அம்பாங்கான் கிளையின் வெள்ளிக்கிழமை வகுப்பு கோயில் மண்டபத்தில் நடக்கும். தேவாரம் பாடி முடித்து, சுண்டல் வருவதற்கு முன் அரை மணி நேரம் ஏதாவது ஒரு பொது விஷயத்தைப் பேசுவோம். போன மாதம் பேச வேண்டியவள் நான். "சமூக ஊடக நிறுவனங்களை அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டுமா?" என்று வெண்பலகையில் எழுதி முடிப்பதற்குள், படிவம் 4 படிக்கும் ஒரு தம்பி கை தூக்கிவிட்டான்.

"அக்கா, பிடிக்கலன்னா நாமளே ஆஃப் பண்ணிட்டா முடிஞ்சது லா. அரசாங்கம் எதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று அவனுக்குச் சரியான பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. புலனடக்கம் பற்றி முந்தின வாரம்தான் பாடம் நடத்தியிருந்தோம், அதையே அவன் திருப்பிக் கேட்டுவிட்டான். அவனுக்கு அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன். நான் கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி, சட்டம் படித்தவள் இல்லை. சட்டப் பகுதியில் என்னைவிடத் தெரிந்தவர்கள் நம் கிளைகளிலேயே இருக்கிறார்கள். தவறு இருந்தால் திருத்துங்கள்.

முதலில் நம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு மரணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

2024 ஜூலை 5-ஆம் தேதி, டிக்டாக்கில் ஈஷா என்ற பெயரில் அறியப்பட்ட நம் சகோதரி கோலாலம்பூரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது 30. அதற்கு முந்தின நாள்தான், நேரலையில் தன்னை மிரட்டுகிறார்கள் என்று போலீசில் புகார் கொடுத்திருந்தார். அதே மாதம் நீதிமன்றத்தில் ஒரு பெண் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை 100 வெள்ளி. ஆமாம், நூறே நூறு வெள்ளி. 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டத்தில் அந்தப் பிரிவுக்கு அதிகபட்ச அபராதமே அவ்வளவுதான். மோட்டார் சைக்கிளைத் தப்பான இடத்தில் நிறுத்தினால் கட்டுகிற காசு. நாடு முழுக்கக் கோபம் வந்தது. 2024 டிசம்பரில் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகளைச் சேர்த்தார்கள். 2025 ஜூலை 11 முதல் அவை நடப்பில் இருக்கின்றன. ஒருவரைத் தூண்டிவிட்டு அவர் தற்கொலைக்கு முயன்றாலோ இறந்தாலோ இப்போது 10 ஆண்டு வரை சிறை.

நல்லது. ஆனால் இந்தச் சட்டம் திட்டியவரைப் பிடிக்கிறது. அந்தத் திட்டலை ஆயிரக்கணக்கானவர்களின் கைப்பேசிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? 'இதைப் பார், இதையும் பார்' என்று நள்ளிரவில் தள்ளிவிட்டது யார்? அந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கே வரவில்லை.

(இதைப் படிக்கும்போது யாருக்காவது மனசு பாரமாக இருந்தால், பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-76272929 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் அழைக்கலாம். கிளைத் தலைவரிடமோ என்னிடமோ சொல்லவும் தயங்காதீர்கள்.)

இங்கே நானும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் ஆண்டில், தேர்வு வாரத்தில், இரவு ஒரு மணிக்கு ஒரு செயலியில் இரண்டு தமிழ்ப் பெண்கள் நேரலையில் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தியின் நிறத்தையும் அவள் பெற்றோரையும் இழுத்துக் கேவலமாகப் பேசினார்கள். நான் ஒரு வார்த்தை எழுதவில்லை, லைக் போடவில்லை. நாற்பது நிமிடம் பார்த்தேன், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து என் கைப்பேசியில் அதே மாதிரிச் சண்டைகள் வரிசை கட்டி வந்தன. "நான் சும்மாதானே பார்த்தேன்" என்று நினைத்தேன். அந்தச் சும்மாவுக்கும் கணக்கு இருந்தது. நம் சித்திரகுப்தன் கணக்கு எழுதுவதுபோல எழுதி வைத்திருந்தார்கள். ஒரு வித்தியாசம், சித்திரகுப்தன் நம் கணக்கைக் கடைசியிலாவது நமக்குப் படித்துக் காட்டுவார்.

அந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பெரிய நிறுவனங்களின் உண்மையான சூத்திரம் பெரும்பாலும் வெளியே முழுதாகத் தெரியாது. ஆனால் அடிப்படை எல்லாப் பல்கலைக்கழகத்திலும் பாடமாக இருக்கிறது. ஒவ்வொரு காணொளிக்கும் இயந்திரம் சில கேள்விகளைக் கேட்கும். இதை இவள் லைக் செய்வாளா? கருத்து எழுதுவாளா? கடைசிவரை பார்ப்பாளா? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு எடை உண்டு. பெருக்கிக் கூட்டினால் மதிப்பெண். மதிப்பெண் அதிகமானது முதலில் வரும்.

வெண்பலகையில் போட்டுக் காட்டிய கணக்கு இது. எண்கள் பாடத்துக்காக நான் வைத்தவை. ஒரு தங்கை பரத அடவு சொல்லித் தரும் காணொளி. 100 பேர் பார்த்தால் 40 லைக், 5 கருத்து, 20 பேர் கடைசிவரை பார்க்கிறார்கள். இன்னொன்று ஒரு சண்டை. 15 லைக், 30 கருத்து, 60 பேர் கடைசிவரை. லைக்குக்கு எடை 1, கருத்துக்கு 3, கடைசிவரை பார்த்தால் 5 என்று வையுங்கள். அடவுக்கு 40 + 15 + 100, மொத்தம் 155. சண்டைக்கு 15 + 90 + 300, மொத்தம் 405. சண்டை மேலே ஏறிவிட்டது.

இப்போது எடையை மட்டும் மாற்றுவோம். லைக்குக்கு 3, கருத்துக்கு 0, கடைசிவரைக்கு 1. அடவுக்கு 120 + 20, மொத்தம் 140. சண்டைக்கு 45 + 60, மொத்தம் 105. அடவு மேலே.

மனிதர்கள் அதே மனிதர்கள்தான், காணொளியும் அதேதான். மூன்று எண்கள் மாறின. அந்த மூன்று எண்களை ஓர் அறையில் உட்கார்ந்து யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள். "அல்கோரிதம் நடுநிலையானது, நீங்கள் விரும்புவதைத்தான் காட்டுகிறது" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

இது வெறும் வகுப்பறைக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2017-இல் முகநூலில் கோப முகம் போன்ற உணர்ச்சிக் குறிகளுக்கு ஒரு லைக்கைவிட ஐந்து மடங்கு எடை கொடுத்தார்கள். 2021-இல் பிரான்சிஸ் ஹாகன் என்ற பொறியாளர் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தபோதுதான் இது உலகத்துக்குத் தெரிந்தது. அந்த நிறுவனத்தின் ஆட்களே கோப முகம் அதிகம் வாங்கும் பதிவுகளில் பொய்யும் நச்சும் அதிகம் என்று கண்டுபிடித்திருந்தார்கள். 2020-இல் கோபத்தின் எடையைப் பூஜ்யமாக்கினார்கள். பொய்த் தகவலும் வன்முறைக் காட்சியும் மக்கள் கண்ணில் படுவது குறைந்தது. ஒரு எண்ணை மாற்ற மூன்று வருஷம். மாற்றச் சொல்லி வெளியிலிருந்து யாரும் கேட்க முடியவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு எண் இருப்பதே யாருக்கும் தெரியாது.

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். இதற்கு எனக்குப் பதில் சொல்லித் தந்தது என் பாட்டி.

பாட்டி லாபு பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். லயத்து வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கள்ளுக்கடை. காலைப் பெரட்டு முடிந்து, மரம் வெட்டி, பால் கொண்டுபோய்க் கொட்டி, உடம்பு ஓய்ந்து திரும்பும் வழியில் அது இருக்கும். சம்பள நாளில் தாத்தாவின் காசு வீட்டுக்கு வருவதற்குள் பாதியாகிவிடுமாம். "அவரு மேல தப்பு இல்லன்னு சொல்லல ஆயா. ஆனா கடைய கொண்டாந்து வழியிலயே வச்சவன் யாரு?" என்றார் பாட்டி.

தோட்டத்துக் கள்ளுக்கடைகள் அரசாங்க உரிமத்தோடு நடந்தவை. 1946, 47-இல் கெடா தோட்டங்களில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை என்ற இளைஞர் இயக்கம் கிளம்பியது. பீடோங் ஹார்வர்ட் தோட்டம் அதன் மையம். குடிக்காதே என்று லயம் லயமாகச் சொன்னார்கள். அதோடு நிற்காமல் கள்ளுக்கடை வாசலில் மறியலும் செய்தார்கள். குடித்தவர்களைப் பிடித்துத் தண்டித்ததும் உண்டு, அதை நான் சரி என்று சொல்லமாட்டேன். ஆனால் நம் வயதுப் பையன்களுக்கு அன்றே ஒரு விஷயம் புரிந்திருக்கிறது. குடிப்பவனிடம் புத்தி சொல்வது ஒரு வேலை, கடையைக் கேள்வி கேட்பது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்துவிட்டோம் என்பதற்காக இரண்டாவதை விட்டுவிட முடியாது.

புலனடக்கம் நமக்கான பாடம்தான். நான் அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் ஒரு மனசை ஒரு பக்கம் வைத்து, அதை அசைப்பதற்காகவே சம்பளம் வாங்கும் ஆயிரம் பொறியாளர்களை இன்னொரு பக்கம் வைத்துவிட்டு, "நீயே ஆஃப் பண்ணிக்கோ" என்று சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை. (அந்த ஆயிரத்தில் ஒருத்தியாக நாளைக்கு நானே வேலைக்குப் போகலாம். அதனால்தான் இது எனக்கு உறுத்துகிறது.)

நம் நாட்டில் இப்போது என்ன நிலை? 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ், மலேசியாவில் 80 லட்சம் அல்லது அதற்கு மேல் பயனர்கள் உள்ள சமூக ஊடகங்களும் தகவல் அனுப்பும் செயலிகளும் 2025 ஜனவரி 1 முதல் உரிமம் வாங்க வேண்டும் என்றார்கள். டிக்டாக்கும் வீசேட்டும் வாங்கின. எக்ஸ் தளம் எங்களுக்கு அத்தனை பயனர்கள் இல்லை என்றது. யூடியூப் பற்றி கூகுள் வேறு ஆட்சேபம் சொன்னது. அப்புறம் சட்டத்தைத் திருத்தி, விண்ணப்பித்தாலும் விண்ணப்பிக்காவிட்டாலும் பெரிய தளங்கள் உரிமம் பெற்றவையாகவே கருதப்படும் என்று 2026 ஜனவரி 1 முதல் ஆக்கிவிட்டார்கள். அதே நாளில் இணையப் பாதுகாப்புச் சட்டமும் நடப்புக்கு வந்தது. ஆபத்தான உள்ளடக்கம் பயனர் கண்ணில் படும் வாய்ப்பைக் குறைப்பது, புகார் செய்ய வழி வைப்பது, பாதுகாப்புத் திட்டம் எழுதித் தருவது எல்லாம் இப்போது நிறுவனத்தின் கடமை. தவறினால் ஒரு கோடி வெள்ளி வரை அபராதம். பிள்ளைகளைப் பாதுகாக்கும் பகுதியில், ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி பரிந்துரைக்கும் முறையைக் கட்டுப்படுத்துவதும் ஒரு நடவடிக்கையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நான் மேலே போட்ட அந்தக் கணக்கின் பக்கம் நம் சட்டம் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்த இடம் இது. 16 வயதுக்குக் கீழானவர்களுக்குக் கணக்கே கூடாது என்றும் 2025 நவம்பரில் அரசு அறிவித்தது. அது தனிப் பேச்சு.

உரிமம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். 2025 மார்ச்சில் ஏரா எஃப்.எம். அறிவிப்பாளர்கள் "வேல் வேல்" என்று சொல்லி காவடியைக் கிண்டல் செய்து ஆடிய காணொளி உங்களுக்கு நினைவிருக்கும். வானொலிக்கு உரிமம் இருந்ததால் பல்லூடக ஆணையம் உடனே கேள்வி கேட்டது. உரிமத்தை நிறுத்திவைப்போம் என்று எச்சரித்து, கடைசியில் 2,50,000 வெள்ளி அபராதத்தோடு முடித்தது. பிடிப்பதற்கு ஒரு காது இருந்தது. ஆனால் அந்தக் காணொளியைப் பார்த்து நாம் கொதித்தது வானொலியிலா? இல்லை, சமூக ஊடகத்தில். நம் கோபத்தையும் அங்கே எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதுவரை படித்துவிட்டு "அக்கா அரசாங்கத்துக்கு ஜே போடுறாங்க" என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பயமும் இருக்கிறது, அதுவும் நம் சமூகத்துக்கே உரிய பயம்.

2007 நவம்பர் 25 ஹிண்ட்ராஃப் பேரணிக்கு ஆயிரக்கணக்கான நம்மவர்கள் கோலாலம்பூரில் எப்படிக் கூடினார்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள். குறுஞ்செய்தி, மின்னஞ்சல், வலைப்பதிவு. 1984-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டத்தால் பத்திரிகைகளின் கழுத்தில் உரிமக் கயிறு இருந்த காலம் அது. இணையத்தில் அந்தக் கயிறு இல்லை. இணையத்தைத் தணிக்கை செய்ய இந்தச் சட்டம் இடம் தருவதாகக் கொள்ளக்கூடாது என்று 1998 சட்டத்திலேயே ஒரு வரி உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 233-ஆம் பிரிவில்தான், ஆட்சியாளர்களைப் பற்றி எழுதியவர்கள் பலர் விசாரிக்கப்பட்டார்கள். அந்தப் பிரிவுக்கான உச்ச அபராதம் 50,000 வெள்ளியாக இருந்தது, 2025-இல் 5 லட்சம் ஆக்கப்பட்டது. பல்லூடக ஆணையத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பவர் அமைச்சர். தொண்டர் படை கதையிலும் இது இருக்கிறது. கள்ளு விற்ற காசில் வரி வாங்கிய அரசாங்கம்தான் மறியல் செய்த இளைஞர்கள்மேல் போலீசை அனுப்பியது. கடைக்கு உரிமம் தருகிற கை எப்போதும் நம் பக்கம் இருக்கும் என்று யார் சொன்னது?

இலங்கையைப் பாருங்கள். 2018 மார்ச்சில் கண்டி பக்கம் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, வெறுப்புப் பதிவுகள் முகநூலில் ஓடின. அரசாங்கம் என்ன செய்தது? முகநூல், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் சுமார் ஒரு வாரம் மொத்தமாக முடக்கியது. தீ வைக்கச் சொன்னவனும், அம்மா பத்திரமா என்று கேட்க நினைத்தவனும் ஒரே மாதிரி வாயடைத்துப் போனார்கள். தன் தளம் அந்தக் கலவரத்தில் தவறாகப் பயன்பட்டதற்காக 2020-இல் முகநூல் மன்னிப்புக் கேட்டது. அப்புறம் 2024-இல் இலங்கை ஒரு இணையப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் வேலையை ஓர் ஆணையத்திடம் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் அது பூட்டைத் தப்பான கதவில் மாட்டியது. இயந்திரத்தைத் தொடாமல் மனிதர்களின் வாயைப் பிடித்தார்கள்.

ஐரோப்பா வேறு வழியில் போகிறது. 4.5 கோடி பயனர்களுக்கு மேல் உள்ள தளங்கள், நம்மைப் பற்றிய தகவலை வைத்து வரிசைப்படுத்தாத ஒரு தெரிவையும் பயனருக்குத் தர வேண்டும். ஆய்வாளர்களுக்குத் தரவைத் திறந்துவிட வேண்டும். 2025 டிசம்பரில் எக்ஸ் தளத்துக்கு 12 கோடி யூரோ அபராதம் விதித்தார்கள். ஆய்வாளர்களுக்குத் தரவு கொடுக்காததும் அதற்கு ஒரு காரணம். யார் என்ன எழுதலாம் என்று அந்த இடத்தில் அரசு பேசவில்லை. உன் கணக்குப் புத்தகத்தைத் திற என்று கேட்டது.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். கட்டுப்படுத்த வேண்டும், இயந்திரத்தை. அந்த எடைகளை நம் அரசாங்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதிக்க சட்டம் வழி செய்ய வேண்டும். பிள்ளைகளுக்குப் பரிந்துரை முறை ஆரம்பத்திலேயே அணைந்திருக்க வேண்டும், வேண்டுமானால் பெற்றோர் திறக்கட்டும். நேரலையில் பார்ப்பவர்கள் காசு கொடுத்து அனுப்பும் பரிசுகளில் தளத்துக்கும் பங்கு போகிறது. ஒருவரை மிரட்டி நடக்கும் நேரலையில் அந்தப் பங்கை நிறுவனம் வைத்துக்கொள்ளக்கூடாது. ஒரு பதிவை நீக்கச் சொல்லும் அதிகாரம் மட்டும் அமைச்சருக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. நீதிமன்றம் போல தனியாக நிற்கும் ஒருவரிடம் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, இதை நாம் கேட்காவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். நம் பிள்ளைகளை மிரட்டுகிறவர்கள் நல்ல தமிழில் எழுதுவதில்லை. ஆங்கில எழுத்தில் தமிழ், நடுவில் மலாய், பாதி எழுத்துக்குப் பதில் எண். கெட்ட வார்த்தையைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பழக்கப்பட்டது. இப்படிக் கலந்து எழுதினால் அது திணறும். "எங்கள் விதிகளை மீறவில்லை" என்று பதில் வந்ததாக நம் வகுப்பிலேயே இரண்டு பேர் சொன்னார்கள். எனவே தமிழ் தெரிந்த, இந்த நாட்டுத் தமிழ் தெரிந்த ஆள் அந்தப் புகாரைப் படிக்க வேண்டும் என்பதைச் சட்டத்தின் விதிமுறைகளில் எழுதச் சொல்லி நம் மன்றம் பல்லூடக ஆணையத்துக்கு ஒரு மகஜர் கொடுக்கலாம். வரைவு எழுத நான் தயார். கையெழுத்து வாங்க ஆள் வேண்டும்.

அடுத்த வகுப்புக்கு வீட்டுப்பாடம். இரண்டு பேர் சேர்ந்து செய்யுங்கள். ஒரே செயலியில் ஒருவர் மூன்று நாள் பாட்டும் சமையலும் மட்டும் கடைசிவரை பாருங்கள், சண்டை வந்தால் உடனே தள்ளிவிடுங்கள். மற்றவர் எது வந்தாலும் அப்படியே பாருங்கள். நான்காம் நாள் காலையில் முதலில் வரும் இருபது காணொளிகள் என்னென்ன என்று இருவரும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். நானும் என் சித்தி மகளும் செய்து பார்த்தோம். எங்கள் தாள்களை இப்போது காட்டமாட்டேன், உங்களுடையதைப் பார்த்த பிறகு பக்கத்தில் வைத்துப் பேசுவோம்.

கேள்வி கேட்ட தம்பியிடம் இரண்டாவது ஆளாக இருக்கச் சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறான். ஆனால் பள்ளிச் சோதனை முடியட்டும் அக்கா என்கிறான்.